மரவள்ளி மாவில் பொட்டலத் தாள்: ஏன் கடைக்கு வரவில்லை?

கேள்வி, 6 மார்ச் 2025

"சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மலைமலையாகக் குவிகிறது. அந்த மாவிலேயே பை செய்தால் கரைந்துவிடும், மட்கிவிடும், மாடு தின்றாலும் ஒன்றும் ஆகாது. பத்து நிமிஷத்தில் செய்து வீடியோ போடுகிறார்கள். அப்புறம் ஏன் முறுக்கை இன்னும் பிளாஸ்டிக்கில் கட்டித் தருகிறீர்கள்? மனசு இல்லை, அவ்வளவுதான்."

7 மார்ச் 2025

மனசு இருக்கிறது. தாளும் இருக்கிறது, என் சமையலறை மேடையில் இப்போது 4 கிடக்கின்றன. அதில் முறுக்கைக் கட்டினால் 2 நாளில் நமுத்துப் போகிறது. மீதியை ராத்திரி எழுதுகிறேன், அடுப்பில் எண்ணெய் காய்கிறது.

7 மார்ச், இரவு

நான் ஆத்தூர் பக்கம். வீட்டிலேயே முறுக்கு, தட்டுவடை, கமர்கட் போட்டுப் பத்துப் பன்னிரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். மாமனார், மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் 30 வருஷம் கணக்கு எழுதியவர். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரவு நின்றபோது சேலத்தில் பிடித்துக்கொண்ட தொழில் இது. 1981-ல் சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனால் மாவுக்கு இங்கே பஞ்சமில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகைகளில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் ஒன்று. அன்றிலிருந்தே மாற்று தேடிக்கொண்டிருக்கிறேன். வாழை இலை, மந்தாரை இலை, பாக்குமட்டை எல்லாம் பார்த்தாயிற்று. சாப்பிடும் இடத்தில் அவை நன்றாக இருக்கின்றன. பத்து நாள் கடையில் தொங்க வேண்டிய முறுக்குக்குத்தான் வழி தெரியவில்லை.

மாவுத் தாளில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஜவ்வரிசி வத்தல் ஊற்றிக் காயவைத்த எவருக்கும் அது தெரியும். கூழ் கண்ணாடி போல வெந்ததும் துணியில் மெல்லிசாக ஊற்றி, காய்ந்த பிறகு உரித்தால் வருவது மாவுத் தாள்தான். வத்தல் விறைத்து உடையும். அது வளைய வேண்டும் என்றால் கிளிசரின் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் அளவு: மரவள்ளி மாவு 10 கிராம், தண்ணீர் 200 மில்லி, உணவுத் தரக் கிளிசரின் 3 கிராம். 90 டிகிரியில்தான் மாவு வேகும், அதற்குக் குறைந்தால் வேகாது. ஓரடிக்கு ஓரடித் தட்டில் ஊற்றி நிழலில் ஒரு நாள்.

9 மார்ச்

திருத்தம். 90 டிகிரியில்தான் வேகும் என்று எழுதியது தவறு. மரவள்ளி மாவு 65, 70 டிகிரியிலேயே ஊதிக் கெட்டியாக ஆரம்பித்துவிடும். நான் 90 வரை கொண்டுபோவது மணிகள் எல்லாம் உடைந்து தாள் ஒரே சீராக வரட்டும் என்றுதான். 70-ல் நிறுத்திய தாளைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன், வெள்ளைப் புள்ளிகள் நிறைய இருந்தன. அந்த இடங்களில்தான் முதலில் கிழிகிறது.

16 மார்ச்

வீடியோக்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செய்து காட்டுவதில் பொய் இல்லை. ஆனால் தாள் உரிந்ததோடு வீடியோ முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒரு தின்பண்டத்தை வைத்துப் பத்து நாள் கழித்துத் திறந்து காட்டுபவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

29 மார்ச்

ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியம். நமுத்துப்போன அந்த முறுக்கைத் தூக்கிப் போடாமல் 3 வாரம் வைத்திருந்தேன். கூடவே அதே ஈட்டு முறுக்கை மெல்லிய பாலிதீன் பையிலும் கட்டி வைத்திருந்தேன். இன்று இரண்டையும் திறந்தேன். பாலிதீனில் இருந்தது மொறுமொறுப்பு, ஆனால் சிக்கு வாடை அடித்தது. மாவுத் தாளில் இருந்தது நமுத்த முறுக்கு, ஆனால் சிக்கு வாடை துளியும் இல்லை. தாளின் வெளிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை.

காரணம் இருக்கிறது. மாவின் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக் கிடக்கின்றன. எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் அவ்வளவு சுலபமாக உள்ளே நுழைய முடியாது. தண்ணீருக்கு மட்டும் அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரியும், ஏனென்றால் மாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். பாலிதீன் இதற்கு நேர்மாறு: ஈரத்தை நிறுத்தும், ஆக்ஸிஜனை விடும். தாவரத் தாள், பிளாஸ்டிக் தாள் என்று நல்லது கெட்டதாகப் பிரிக்கிறோம். எதை உள்ளே விடும், எதை நிறுத்தும் என்று பிரித்தால்தான் பொட்டலம் கட்ட முடியும் என்று இப்போது தோன்றுகிறது.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து. வெயில் கொளுத்துகிறது. தாள்கள் எல்லாம் மடிக்கிற இடத்தில் படபடவென்று உடைகின்றன. கிளிசரினை 3 கிராமிலிருந்து 4.5 ஆக ஏற்றினேன், இப்போது துணி மாதிரி மடிகிறது. 10 கிராம் மாவுக்கு 4.5 கிராம் கிளிசரின்தான் சரியான அளவு, குறித்துக்கொள்ளுங்கள்.

15 ஏப்ரல்

மாடியில் காயவைத்த 2 தாள்களைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. ஆடு நன்றாக இருக்கிறது, இன்று காலையும் மாடிப்படியில் வந்து நின்றது. கேள்வி கேட்டவர் சொன்னதில் அந்தப் பகுதி உண்மை.

4 மே

"செலோபேன் தாள் இருக்கிறதே, அதுவும் மரத்தில் வந்ததுதானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் அவசரத்தில் அதுவும் பிளாஸ்டிக்தான் என்று பதில் எழுதிவிட்டேன். தப்பு. நிஜ செலோபேன் மரக்கூழின் செல்லுலோஸ். அதன் கதை என் வேலைக்கு ரொம்ப நெருக்கம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்துக்காரர் ழாக் பிராண்டன்பெர்கர் மேஜைவிரிப்பில் திராட்சை மது சிந்தியதைப் பார்த்துவிட்டு, கறை ஊறாத துணி செய்ய நினைத்தார் என்று சொல்வார்கள். செல்லுலோஸ் கரைசலைத் துணியில் பூசினார். துணி விறைத்துப்போனது, ஆனால் பூச்சு மட்டும் தனியே கண்ணாடித் தாளாக உரிந்து வந்தது. 1908-ல் அதைத் தாளாகவே செய்ய ஆரம்பித்தார். துணியிலிருந்து உரிகிற தாள்! எங்கள் அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அந்த ஆளு வத்தல் போட்டிருக்காரு, வேறென்ன" என்றார்.

முக்கியமானது இனிமேல்தான். அந்தச் செலோபேனிலும் என் முறுக்குக்கு வந்த அதே கஷ்டம் வந்தது. தண்ணீர் ஒழுகாது, ஆனால் ஈர ஆவி தாராளமாகக் கடக்கும். அதில் சுற்றிய பண்டம் காய்ந்துபோகும் அல்லது நமுத்துப்போகும். 1927-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் வில்லியம் ஹேல் சார்ச் அதன்மேல் வார்னிஷ் போன்ற மிக மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தார், மெழுகும் சேர்த்து. அதற்குப் பிறகுதான் செலோபேன் உணவுக் கடைகளை உண்மையில் பிடித்தது. ஒரு பெரிய கம்பெனிக்கே தாள் மட்டும் போதவில்லை, பூச்சு தேவைப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செலோபேன் செய்யக் கார்பன் டைசல்பைடு வேண்டும். அது ஆலைத் தொழிலாளிகளின் நரம்பைக் கெடுக்கும் விஷம். மரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் சுத்தமாகிவிடாது.

5 மே

பூங்கொத்து சுற்றும் தாளும் செலோபேன்தானே என்று கேட்டவருக்கு: பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது, இன்று அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். ஓரத்தைக் கொளுத்திப் பாருங்கள். நிஜ செலோபேன் காகிதம் போல எரிந்து காகித வாடை வரும். மற்றது உருகிச் சொட்டும். அந்தக் காலத்து மிட்டாய்த் தாளை முறுக்கினால் முறுக்கியபடியே நிற்கும், நினைவிருக்கிறதா? அது செலோபேனின் குணம்.

1 ஜூன்

பூச்சு வேலையில் இறங்கிவிட்டேன். தேன்மெழுகை உருக்கித் துணியில் தொட்டு மாவுத் தாளின்மேல் தேய்த்து, மேலே காகிதம் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டேன். தட்டுவடை 6 நாள் மொறுமொறுப்பாக நின்றது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

8 ஜூன்

மடித்த இடத்தில் மெழுகு வெடிக்கிறது. வெடிப்பு வழியே ஈரம் ஏறி, மடிப்புக்குப் பக்கத்தில் இருந்த தட்டுவடை மட்டும் நமுத்திருந்தது. தட்டையாக மேலே மூடும் தாளுக்கு மெழுகு சரி. மடித்துக் கட்டும் பொட்டலத்துக்கு ஆகாது.

வாழை இலையை நினைத்துக்கொண்டேன். அதன்மேல் சாம்பல் பூத்த மாதிரி இருப்பதும் மெழுகுதான். கட்டுச்சோற்றுக்கு இலையை ஏன் தணலில் வாட்டுகிறோம்? வாட்டினால் நரம்பு தளர்ந்து இலை கிழியாமல் மடிகிறது, மெழுகும் இளகிப் பளபளவென்று படர்கிறது. செல்லுலோஸ் தாள், மேலே மெழுகுப் பூச்சு, மடிக்கச் சூடு. சார்ச் செய்ததில் பாதி நம் வீட்டு அடுப்படியில் தினமும் நடந்த வேலை. இலையில் அந்த மெழுகு வளரும்போதே ஊன்றி வருகிறது. நான் மேலே தடவுவது ஒட்டவே மாட்டேன் என்கிறது.

22 ஜூன்

"கடையில் மட்கும் பை கிடைக்கிறதே, அதை வாங்கினால் முடிந்தது" என்பவர்களுக்கு. நானும் வாங்கினேன். போன டிசம்பரில் ஒரு விற்பனையாளரிடம் "முழுக்கச் சோளத்தில் செய்தது, மண்ணில் போட்டால் மறைந்துவிடும்" என்ற உறுதியில் ஒரு கட்டு பையும், சோளமாவுக் குவளை என்று ஒரு பெட்டியும். இரண்டையும் ரோஜாத் தொட்டியில் புதைத்தேன். மார்ச்சில் என் மாவுத் தாளையும் அதே தொட்டியில் வைத்தேன். என் தாள் 3 வாரத்தில் இருந்த இடம் தெரியவில்லை. குவளை இன்று 6 மாதத்துக்குப் பிறகும் கழுவினால் காபி ஊற்றலாம் போல இருக்கிறது. பை ஓரத்தில் மட்டும் நைந்திருக்கிறது. அந்த விற்பனையாளர் பதில் எழுதவே இல்லை. பணம் போனதைவிட, நான் கடைக்காரர்களிடம் அதே வார்த்தையைச் சொல்லி விற்றேன் என்பதுதான் வலிக்கிறது.

சோளக் குவளை என்பது பி.எல்.ஏ. சோள மாவைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கி, அதை மறுபடி சங்கிலியாகக் கோத்தது. பிறப்பு தாவரம்தான். ஆனால் அது மட்க 58 டிகிரி வாக்கில் சூடு பல வாரம் நீடிக்க வேண்டும். பெரிய உரக்கிடங்கின் குவியலில் அந்தச் சூடு வரும், ரோஜாத் தொட்டியில் வராது. மட்கும் பைகளிலோ மாவோடு பெரும்பாலும் பி.பி.ஏ.டி. என்ற பாலியெஸ்டர் கலந்திருக்கும். அது பொதுவாகப் பெட்ரோலியத்தில் செய்வது, ஆனாலும் மட்கும். ஒன்று தாவரத்தில் பிறந்தும் தொட்டியில் அசையவில்லை, மற்றொன்று எண்ணெய்க் கிணற்றில் பிறந்தும் மட்கும். எதில் செய்தது என்பதும் எப்படி மட்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள்.

வாங்குகிறவர்கள் பையில் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். சான்று இருந்தாலும் அது உரக்கிடங்குக்கான சான்று என்பதையும் நினைவில் வையுங்கள்.

13 ஜூலை

பாக்குமட்டைத் தட்டு செய்யும் நண்பர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். கடந்த மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாக்கு மரத்தில் உள்ள அல்கலாய்டு என்ற வேதிப்பொருள்கள் தட்டிலிருந்து உணவில் இறங்கலாம் என்று அந்தத் தட்டுகளுக்குத் தடை சொல்லிவிட்டது. அவர் தொழில் நம்பியிருப்பது அந்த ஏற்றுமதியை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் கேள்வியைத் தள்ள முடியாது. உணவைத் தொடும் எதிலிருந்தும் என்ன இறங்குகிறது என்று கேட்கத்தான் வேண்டும், அது மட்டையாக இருந்தாலும். என் தாளிலிருந்து கிளிசரின் இறங்கும். அதனால்தான் ஆரம்பத்திலிருந்தே உணவுத் தரக் கிளிசரின் என்று அழுத்திச் சொல்கிறேன்.

10 ஆகஸ்ட்

மாமனார் திப்பியைப் பற்றிக் கேட்டார். கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி, மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. "மாவு நாலு காசு பெறும், அதை ஏம்மா தாளாக்கறே? திப்பியிலயே இன்னும் எவ்வளவோ மாவு நிக்குதே, அதைப் போட்டுப் பாரு" என்றார். நியாயமான பேச்சு. உணவாகிற மாவைப் பொட்டலமாக்கி எறிவது எனக்கும் உறுத்தல்தான்.

காய்ந்த திப்பியைப் பொடித்துச் சலித்து, மாவில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தேன். தாள் இழுத்தால் லேசில் கிழிவதில்லை, நாருக்கு அந்தப் பலம் உண்டு. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகள் தெரிகின்றன, உள்ளே இருக்கும் பண்டம் தெரிவதில்லை. கெட்டியாக அழுத்திக் கிண்ணம் செய்யத் திப்பி நல்ல சரக்கு. மெல்லிய தாளுக்கு இன்னும் நைசாக அரைக்க வேண்டும், என் மிக்ஸியால் முடியவில்லை.

17 ஆகஸ்ட்

கடற்பாசித் தாள் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. 2019 லண்டன் மாரத்தானில் பாசியில் செய்த சிறு உருண்டைப் பைகளில் பானம் கொடுத்தார்கள், வாயில் போட்டுக் கடித்துவிடலாம். நம் மண்டபம் கடற்கரையில் பெண்கள் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து வரும் கராகீனன் என்ற கூழ்ப்பொருளிலும் தாள் ஊற்றலாம். ஈரத்தின் முன்னால் அதுவும் மாவின் அண்ணன் தம்பிதான். அந்தப் பாசி வளர்ப்பை விட்டு வெளியேறிக் குருசடைத் தீவுப் பவளப்பாறையில் படர்ந்த கதையும் உண்டு. எங்கே வளர்ப்பது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

19 அக்டோபர்

ஏப்ரல் 14 குறிப்பைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். 4.5 கிராம்தான் சரி என்று எழுதியிருந்தேன். ஒரு வாரமாக மழை. 4.5 கிராம் தாள்கள் எல்லாம் வியர்த்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன, பிரித்தால் ஜவ்வு மாதிரி இழுக்கிறது. கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரமே தாளை மேலும் இளக்கும். சித்திரையில் காற்றில் ஈரம் இல்லை, அதனால் கிளிசரின் அதிகம் வேண்டியிருந்தது. ஐப்பசியில் காற்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, 2.5 கிராமே போதும். இதற்கு ஒரே அளவு என்று ஒன்று கிடையாது. ஏழு மாதம் தள்ளி எழுதியிருந்தால் முதல் அளவையும் வேறு மாதிரி எழுதியிருப்பேன். என் பேச்சைக் கேட்டுக் கோடை அளவில் செய்து ஏமாந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

முதல் கேள்விக்கு இதையும் பதிலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆத்தூரில் சித்திரையில் உடைந்து ஐப்பசியில் ஒட்டுகிற தாளைச் சென்னைக்கோ ஊட்டிக்கோ அனுப்பினால் என்ன ஆகும்?

26 அக்டோபர்

ஆலையில் ஏன் இப்படி ஊற்றுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தாளுக்கு மாவும் கிளிசரினும் எனக்கு 2 ரூபாய்க்குள் அடங்குகின்றன. ஆனால் ஒரு தாள் ஒரு தட்டை ஒரு நாள் முழுக்கப் பிடித்துக்கொள்கிறது. 200 மில்லி தண்ணீரைச் சேர்த்து, அதையே மறுபடி காயவைத்து விரட்ட வேண்டும். ஆலைக்காரர்கள் மாவைக் கிளிசரினோடு சூட்டில் பிசைந்து, பிளாஸ்டிக் பை போலவே ஊதிவிடப் பார்க்கிறார்கள். தனி மாவு ஊதும்போது கிழியும், அதனால்தான் முன்பு சொன்ன பி.பி.ஏ.டி. பாலியெஸ்டரைக் கலக்கிறார்கள். ஏன் கலக்கிறார்கள் என்று புரிந்தபின் எனக்குக் கோபம் இல்லை. கலந்ததைச் சொல்லாமல் விற்பதில்தான் கோபம்.

16 நவம்பர்

இப்போது உபயோகமான சேதி. ஜப்பானில் ஒப்லாத்து என்று மாவில் செய்த மெல்லிய தாள் ரொம்ப நாளாக இருக்கிறது. கசப்பு மருந்துப் பொடியை அதில் சுற்றி விழுங்குவார்கள், ஒட்டும் மிட்டாயையும் அதில் சுற்றுவார்கள். சீனாவின் வெள்ளை முயல் மிட்டாயிலும் உள்ளே அப்படி ஒரு தாள் உண்டு, வாயில் கரைந்துவிடும். அங்கெல்லாம் மாவுத் தாளை வெளிப்பையாக நிறுத்தவில்லை. உள்ளே வைத்தார்கள், ஈரம் பட்டால் கரையட்டும் என்றே வைத்தார்கள்.

மழைக்காலத்தில் என் கமர்கட் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடும். போன வாரம் ஒவ்வொன்றையும் மாவுத் தாள் துண்டில் சுற்றி, காகிதப் பெட்டியில் அடுக்கினேன். தாள் கமர்கட்டோடு ஒட்டிக்கொள்கிறது, ஆனால் கமர்கட் கமர்கட்டோடு ஒட்டவில்லை. வாயில் போட்டால் தாள் முதலில் கரைந்து, பிறகு வெல்லம் தெரிகிறது. லேபிளில் மரவள்ளி மாவு, கிளிசரின் இரண்டையும் எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கடைக்கு 3 பெட்டி கொடுத்தேன். தாளை உரிக்க முயன்ற பிள்ளைகளுக்கு அப்படியே சாப்பிடலாம் என்று கடைக்காரர் சொல்ல வேண்டியிருந்ததாம். மறுநாளே இன்னும் 5 பெட்டி கேட்டார்.

முறுக்குக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்குக் கடைகளுக்குத் தகர டின்னில் கொடுத்து, காலி டின்னைத் திரும்ப வாங்குகிறேன். வாங்குகிறவர் அன்றைக்கே சாப்பிடுவதென்றால் மாவுத் தாளில் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். செய்தித்தாளில் கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல், எண்ணெயோடு அச்சு மை ஊறாது.

21 டிசம்பர்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மகளின் பள்ளிக் கண்காட்சிக்குத் தாள் செய்ய வேண்டுமாம், மனசு இல்லை என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

இந்த மார்கழிப் பனிக்கு: மாவு 10, தண்ணீர் 200, கிளிசரின் 3. கூழைக் கிண்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், மேலே தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும். ஊற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் குமிழி அடங்கும். தட்டு சமமான இடத்தில் இருக்கட்டும், சாய்ந்தால் ஒரு பக்கம் அப்பளம், ஒரு பக்கம் வலை. கண்காட்சியில் ஒரு முறுக்கைத் தாளிலும் ஒன்றை பிளாஸ்டிக்கிலும் ஒரு வாரம் முன்பே கட்டி வைக்கச் சொல்லுங்கள், வருகிறவர்கள் இரண்டையும் கடித்துப் பார்க்கட்டும். உரிப்பதை மட்டும் விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பனி ஈரத்தில் தாள் இளகி ஓரத்திலிருந்து முழுசாகக் கழன்று வரும், வெயில் ஏறினால் கிழிந்துவிடும்.